ஒன்பது வெற்றிக்குப் பிறகும் ஏன் இழுபறி? 1983 பிரிட்டிஷ் ஃபோர்முலா 3

2 ஜூன் 2025, காலை. கேள்வி: கொட்டாஞ்சேனை வாசகர்

கார்ப் பந்தய அணி நடத்திய எடி ஜோர்டன் மார்ச்சில் காலமானபோது வந்த கட்டுரைகளில் 1983 பிரிட்டிஷ் ஃபோர்முலா 3 (ஃபோர்முலா வன்னுக்குப் போகும் வழியில் இளைஞர்கள் ஓடும் கார்ப் பந்தயம்) சீசனைப் பற்றி ஒரு வரி கிடந்தது. தேடிப் பார்த்தேன். அயர்டன் சென்னா முதல் ஒன்பது ஓட்டத்தையும் வரிசையாக வென்றிருக்கிறார். மொத்தமே இருபது ஓட்டம். ஆனால் பட்டம் முடிவானது கடைசி ஓட்டத்தில். அதுவும் அந்த ஓட்டத்துக்குப் போகும்போது ஒரு புள்ளி முன்னால் நின்றது அவருடைய போட்டியாளர் மார்ட்டின் பிரண்டில். கணக்கு இடிக்கிறதே? அந்தக் காலத்து ஆட்கள் யாராவது விளக்குவீர்களா?

2 ஜூன், இரவு 9.40

அந்தக் காலத்து ஆள் வந்துவிட்டேன். 83இல் எனக்குப் பதினைந்து வயது, வெள்ளவத்தை.

தம்பி, கடைசி ஓட்டம் என்றதும் ஏதோ கடும் போட்டி என்று நினைக்காதீர்கள். அது ஒருதலைச் சீசன். சென்னாவுக்கும் பிரண்டிலுக்கும் ஒரே கார், ரால்ட் ஆர்டி3. ஒரே என்ஜின், டொயோட்டா. சென்னாவின் அணி வெஸ்ட் சரே ரேசிங், அதை நடத்தியவர் டிக் பென்னெட்ஸ். பிரண்டிலின் அணி எடி ஜோர்டனுடையது, கையில் காசில்லாத காலம். ஒரே காரைக் கொடுத்தும் மார்ச் 6 தொடங்கி மே 30 வரை ஒருவரே வென்றார் என்றால் வேறு என்ன சொல்ல? பிறகும் ஜூலை 16 சில்வர்ஸ்டோன், ஜூலை 24 டோனிங்டன் என்று வென்றுகொண்டேதான் இருந்தார். இடையில் சில விபத்து. கடைசி ஓட்டம் வரை இழுத்தது வெறும் புள்ளி விளையாட்டு.

3 ஜூன், காலை 6.15

புள்ளி விளையாட்டு என்று சொல்லிவிட்டு விளக்காமல் படுத்துவிட்டேன். வெற்றிக்கு 9, இரண்டாம் இடத்துக்கு 6, பிறகு 4, 3, 2, 1. ஓட்டத்தில் மிக வேகமான சுற்றுக்குத் தனியாக 1.

இப்போது பாருங்கள். நீங்கள் ஒன்பது ஓட்டம் வெல்கிறீர்கள், ஒன்பதிலும் நான் உங்கள் பின்னாலேயே இரண்டாவதாக வருகிறேன் என்று வைப்போம். உங்களிடம் 81, என்னிடம் 54. இடைவெளி 27. அதற்குப் பிறகு மூன்றே மூன்று ஓட்டத்தில் நான் வென்று நீங்கள் பூச்சியம் வாங்கினால் போதும். மூன்று மாதம் சேர்த்தது மூன்று ஞாயிற்றுக்கிழமையில் கரைந்துவிடும். வேகமான சுற்றுக்குச் சேர்ந்த சில்லறை மட்டும் கையில் மிஞ்சும்.

3 ஜூன், மதியம்

தெஹிவளை நண்பர் ஜூலை 24 டோனிங்டனில் வென்றது பிரண்டில் என்கிறார். இல்லை. நான் கையால் எழுதி வைத்திருந்தேன். பென்சிலால் "சென்னா" என்று எழுதியது இப்போதும் கண்ணில் நிற்கிறது.

3 ஜூன், இரவு

பிழை என்னுடையது. பிரண்டில்தான் வென்றார், சென்னா இரண்டாவது. தெஹிவளையிடம் மன்னிப்பு.

4 ஜூன், இரவு 11

பிழை எங்கே வந்தது என்று இன்று முழுக்க யோசித்தேன். எழுதினால்தான் எனக்கே தெளியும்.

பிரிட்டிஷ் கவுன்சில் நூலகத்துக்கு இங்கிலாந்துப் பத்திரிகைகள் வரும். இரண்டு மூன்று வாரம் பிந்தித்தான் வரும். விளையாட்டுப் பக்கத்தின் அடியில் எறும்பு எழுத்தில் நாலு வரி: ஊர், முதல் மூன்று பெயர், நேரம். சனிக்கிழமை நூறாம் இலக்க பஸ்ஸில் கொள்ளுப்பிட்டிக்குப் போய் அதைப் பார்த்து எழுதி வருவேன். ஒரு சீஆர் கொப்பி வைத்திருந்தேன், மட்டை தடித்த நீளக் கொப்பி. அடிமட்டம் வைத்துக் கட்டம் போட்டு, வருடத் தொடக்கத்திலேயே இருபது திகதியையும் இறக்கி வைத்தாயிற்று. முடிவு கிடைத்ததும் நீல மையில் எழுதுவது. ஆறாவது வெற்றியோடு எனக்குத் திமிர் வந்துவிட்டது. மிச்சப் பதினான்கு கட்டத்திலும் முன்கூட்டியே பென்சிலால் "சென்னா" என்று எழுதிவிட்டேன். முடிவு வர வர அதன் மேலேயே மை.

நீல மையில் நான் கடைசியாக எழுதியது மே 30, ஒன்பதாவது ஓட்டம். அதற்குக் கீழே எல்லாம் பென்சில். நாற்பத்திரண்டு வருடமாக நான் ஞாபகம் வைத்திருந்தது என் சொந்த ஆரூடத்தை.

5 ஜூன், காலை

ஆகவே "ஒருதலைச் சீசன்" என்று நான் முதல் நாள் அடித்துச் சொன்னதைப் பாதி வாபஸ் வாங்குகிறேன். மே 30க்குப் பிறகு நடந்ததை நேற்று வரிசையாக வைத்துப் பார்த்தேன். தலை சுற்றுகிறது.

ஜூன் 12 சில்வர்ஸ்டோன். அந்த ஓட்டம் ஐரோப்பிய சாம்பியன்ஷிப்புக்கும் சேர்த்து நடந்தது. பிரண்டில் முன்னால் போனார். பின்னால் போய்ப் பழக்கமில்லாத சென்னா துரத்தித் துரத்திப் பாதையை விட்டு வெளியே. ஜூன் 19 கட்வெல் பார்க், தகுதிச் சுற்றிலேயே மார்ஷல் நிற்கும் சாவடியில் கொண்டுபோய் மோதினார். கார் உருக்குலைந்தது, ஓட்டத்தில் நிற்கவே இல்லை. ஜூலை 3 ஸ்நெட்டர்டன், ஓட்டம் முடியப் போகும் நேரத்தில் பிரண்டிலைத் தாண்டப் பார்த்து விபத்து. மூன்று வாரத்துக்குள் மூன்று பூச்சியம். முந்தாநாள் நான் உதாரணத்துக்குச் சொன்ன அதே மூன்று!

ஆகஸ்ட் 6 ஓல்டன் பார்க் இன்னும் மோசம். தாண்டப் போனவரின் கார் பிரண்டிலின் காரின் மேலேயே ஏறி உட்கார்ந்தது. தலைக்கவசத்துக்கு மேலே இன்னொருவரின் சில்லு. இப்போதுள்ள தலைக்காப்பு வளையம் எல்லாம் அப்போது ஏது? செப்டெம்பர் 11 அதே ஓல்டன் பார்க்கில் திரும்பவும் விபத்து. அடுத்த வாரம் திரக்ஸ்டனிலும் ஓட்டத்தை முடிக்கவில்லை.

5 ஜூன், பின்னேரம்

கட்வெல் பார்க் எப்படி இருக்கும் என்று கேட்டவருக்கு: குன்றுகளுக்கு நடுவே ஒடுங்கிய பாதை. மலை என்றே பெயர் வைத்த ஒரு மேட்டில் கார்கள் நிலத்தை விட்டு எழும்பும். நம்மிடம் அதற்குக் கிட்டவரும் இடம் மஹகஸ்தோட்ட மலையேற்றப் பாதை. நுவரெலியாவில் ஏப்ரல் சீசனில் ஒருக்கால் கரையில் நின்று பார்த்தேன். தேயிலைச் செடிக்கும் சில்லுக்கும் இடையில் ஒரு சாண் இருந்தால் அதிகம். ஒரு கார் போன பிறகும் கொஞ்ச நேரம் புல் ஆடிக்கொண்டிருந்தது. ஆனால் அங்கே ஒவ்வொரு காராகத்தான் விடுவார்கள், தாண்டும் பிரச்சினை இல்லை. சென்னாவுக்கு அது பொருந்தியிருக்கும்.

6 ஜூன்

ஒருவர் "சில்வா" கதையைக் கேட்டிருக்கிறார். சொல்லாமல் விட்டால் கொழும்பில் இருந்து பிரயோசனம் இல்லை.

அவருடைய முழுப் பெயர் அயர்டன் சென்னா ட சில்வா. பிரேசிலில் சில்வா என்றால் தடுக்கி விழுந்தால் ஒரு சில்வா. அதனால் தாய் வீட்டுப் பெயரான சென்னாவை மட்டும் வைத்துக்கொண்டார். இங்கேயும் அதே போர்த்துக்கேயர் விட்டுப்போன அதே பெயர், காலி வீதியில் நின்று "சில்வா" என்று கூப்பிட்டால் பத்துப் பேர் திரும்புவார்கள். அந்தச் சீசனில் ஆங்கிலப் பத்திரிகைகள் சில்வர்ஸ்டோனைச் "சில்வாஸ்டோன்" என்று எழுதின. எங்கள் பக்கத்து வீட்டுக்காரரும் ஒரு சில்வா. என் கொப்பியைப் பார்த்துவிட்டு "நம்ம சொந்தக்காரன்தான், பெயரை மாத்திட்டான்" என்பார். வேலிக்கு மேலால் எட்டி "இந்தக் கிழமையும் நம்ம பொடியனா?" என்று விசாரிப்பார். ஒன்பது தடவையும் ஆமாம் என்றேன்.

7 ஜூன், காலை

"சில்வாஸ்டோன்" என்றதும் எண்ணிப் பார்த்தேன். சென்னாவின் வெற்றி மொத்தம் 12. சில்வர்ஸ்டோனில் 6, திரக்ஸ்டனில் 4, டோனிங்டனில் 1, பிராண்ட்ஸ் ஹட்சில் 1. முடிந்தது. கட்வெல், ஸ்நெட்டர்டன், ஓல்டன் பார்க் மூன்றிலும் ஒன்றுமில்லை. அகலமான, வேகமான பாதையில் அவர் ராஜா. ஒடுங்கிய பாதையில் முன்னால் போகிறவன் இடம் விடாவிட்டால் பொறுமை இல்லை.

(ஸ்நெட்டர்டன் ஒடுங்கிய பாதை இல்லையே என்று யாராவது வருவதற்கு முன் நானே சொல்கிறேன்: இல்லைதான். அங்கேயும் குறைந்தது பொறுமை.)

7 ஜூன், மதியம்

விலகல்தான், பரவாயில்லை. சில்வர்ஸ்டோன், ஸ்நெட்டர்டன், திரக்ஸ்டன் மூன்றும் இரண்டாம் உலகப் போர்க்கால விமானத் தளங்கள். போர் முடிந்தது, கொங்கிறீட் மிச்சம், கார் ஓட்டினார்கள். சென்னைக்கு வெளியே சோழவரம் அதே கதை. நம் களுத்துறைப் பக்கம் கட்டுகுருந்தவும் அதேதான், பிரிட்டிஷ் கடற்படையின் விமானத் தளமாக இருந்த இடம். சின்ன வயதில் மாமா என்னைக் கரையோர ரயிலில் அங்கே கூட்டிப்போனார். காரைப் பார்த்ததை விடக் காதைப் பொத்திக்கொண்டு நின்றதுதான் ஞாபகம். கடல் காற்றில் எரிந்த எண்ணெய் மணம் கலந்து வரும், கொஞ்சம் இனிப்பாக. வீட்டுக்கு வந்து சட்டையை மணந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். அம்மா பிடுங்கித் தோய்க்கப் போட்டுவிட்டார்.

8 ஜூன்

கொட்டாஞ்சேனைத் தம்பி விடுவதாக இல்லை. "சென்னா ஆறு தடவை பூச்சியம் வாங்கியும் எப்படிப் பட்டம்?" சரி, இருபதையும் பிரித்துவிட்டேன்: 12 வெற்றி, 2 இரண்டாம் இடம், 6 பூச்சியம். மூன்றாம் இடம், நாலாம் இடம் என்ற பேச்சே இல்லை. வென்றார், தப்பினால் இரண்டாவது, அதுவும் தப்பினால் மதில். 12 வெற்றிக்கு 108, இரண்டு இரண்டாம் இடத்துக்கு 12, வேகமான சுற்றுகளுக்கு இன்னொரு 12. மொத்தம் 132.

அவருக்குக் கைகொடுத்தது ஒரு விதி. எல்லா ஓட்டத்தின் புள்ளியும் கூட்டுக்கு வராது, மிகக் குறைந்தவை கழியும். தவணைப் பரீட்சையில் குறைந்த மூன்று பாடத்தைத் தூக்கிவிட்டு மிச்சத்தைக் கூட்டினால் எப்படி இருக்கும்? கணிதத்தில் 95 எடுத்துச் சமயபாடத்தில் பூச்சியம் வாங்கியவனுக்குக் கொண்டாட்டம். எல்லாப் பாடத்திலும் ஒழுங்காக எழுபது எடுத்த பிள்ளைக்கு நட்டம். பிரண்டில் எழுபது எடுத்த பிள்ளை.

கடைசி ஓட்டத்துக்கு முன் பிரண்டில் 123, சென்னா 122. அக்டோபர் 23, திரக்ஸ்டன். சென்னா வென்று வேகமான சுற்றையும் எடுத்தார், 132. பிரண்டில் மூன்றாவதாக வந்தார், இரண்டாவது டேவி ஜோன்ஸ். மூன்றாம் இடத்துக்கு 4 புள்ளி. ஆனால் அட்டவணையைப் பாருங்கள், பிரண்டில் முடித்தது 123இல். அந்த நாலும் கழிவுக்குள் போய்விட்டது.

8 ஜூன், இரவு

இல்லை, மேலே சொன்னதில் ஒரு அநியாயம் இருக்கிறது. கழிவு இல்லாவிட்டால் பட்டம் பிரண்டிலுக்குத்தான் என்று நான் சொல்வதுபோல் கேட்கிறது. விதி தொடக்கத்திலேயே தெரிந்த விதி. கழியும் என்று தெரிந்தபடியால்தான் சென்னா "வெற்றி அல்லது ஒன்றுமில்லை" என்று ஓட முடிந்தது. வேறு விதி என்றால் வேறு மாதிரி ஓடியிருப்பார். ஓடியிருப்பாரா? அவரைத் தெரிந்தவரைக்கும், சந்தேகம்தான்.

9 ஜூன்

திரக்ஸ்டன் டேப் கதை. பென்னெட்ஸ் பல தடவை சொல்லிய கதை இது.

அக்டோபர் குளிர். எண்ணெய் சூடேறும் வரை என்ஜின் முழுப் பலம் தராது. முதல் சுற்றுகளிலேயே பிய்த்துக்கொண்டு போய்விட்டால் பிரண்டில் எட்ட மாட்டார். அதனால் எண்ணெய் ரேடியேட்டரின் காற்றுப் போகும் வாயை டேப் ஒட்டி மூடினார்கள், எண்ணெய் கெதியாகச் சுடும். ஆனால் சுட்ட பிறகு டேப்பை எடுக்காவிட்டால் என்ஜின் போய்விடும். யார் எடுப்பது? சென்னாவேதான், ஓடிக்கொண்டே, கையை வெளியே நீட்டி. ஓட்டத்தில் நீட்டிப் பார்த்தால் எட்டவில்லை, இருக்கைப் பட்டி இறுக்கிப் பிடித்திருக்கிறது. பட்டியைத் தளர்த்தினார், எட்டிப் பிய்த்தார், திரும்ப ஒழுங்காக இறுக்க முடியவில்லை. இங்கிலாந்தின் மிக வேகமான பாதைகளில் ஒன்றில், பட்டம் தொங்கும் நாளில், இருக்கையில் இங்கும் அங்கும் ஆடிக்கொண்டே மிச்ச ஓட்டம்.

மாமாவிடம் ஒரு மொரிஸ் மைனர் இருந்தது. அற்றனில் விடியற்காலைக் குளிரில் ரேடியேட்டருக்கு முன்னால் வீரகேசரியை மடித்துச் செருகுவார், கார் சூடேற. ஒரு நாள் எடுக்க மறந்துபோய் ரதல்லை ஏற்றத்தில் பொங்கிவிட்டது. மூடியைத் திறக்க ஆவி முகத்துக்கு அடித்தது. செருகிய பேப்பர் வெந்து பிசின் மாதிரி ஒட்டிக்கொண்டது. தலைப்பை மட்டும் வாசிக்க முடிந்தது. மாமா அதையும் நின்று வாசித்தார்.

10 ஜூன், காலை

"கொப்பி இப்போது எங்கே, ஒரு படம் போடுங்கள்" என்று மூன்று பேர். இல்லை.

"மே 30 உடன் ஏன் நின்றது?" என்று ஒருவர். பேப்பர் பிந்தும் என்று சொன்னேனே. ஜூன் முடிவுகள் வந்துசேர்ந்த நேரம் எனக்குத் தவணைப் பரீட்சை, அம்மா நூலகத்துக்கு விடவில்லை. பரீட்சை முடிந்ததும் ஒரேயடியாகப் போய் எழுதலாம் என்று இருந்தேன்.

பிறகு ஜூலை 24. ஞாயிற்றுக்கிழமை. டோனிங்டனில் ஓட்டம் நடந்த அதே ஞாயிறு. எந்த ஞாயிறு என்று இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

10 ஜூன், பின்னிரவு

அரைகுறையாக விட்டுவிட்டேன். தமிழருக்கு எதிரான கலவரம் வெடித்ததும், திங்கள் மத்தியானம் வேலியைத் தாண்டி அந்தச் சில்வா வீட்டுக்குள் போனோம். இரண்டு இரவு அவர்களுடைய அறையில். மூன்றாம் நாள் பம்பலப்பிட்டி முகாம், பிறகு கப்பலில் காங்கேசன்துறை. வீட்டில் இருந்து எடுத்தது அம்மாவின் நகைப் பொட்டலமும் பிறப்புச் சான்றிதழ்களும். கொப்பியை எடுக்க யாருக்குத் தோன்றும்? எனக்கே தோன்றவில்லை. கப்பலில்தான் ஞாபகம் வந்தது, வெட்கமாக இருந்தது, ஒருவரிடமும் சொல்லவில்லை.

ஓல்டன் பார்க் விபத்து நடந்த நேரம் நான் யாழ்ப்பாணத்தில் பெரியம்மா வீட்டுத் திண்ணையில். திரக்ஸ்டன் நடந்த நேரம் புதுப் பள்ளிக்கூடம். சென்னாதான் பட்டம் என்பது அடுத்த வருடம் அவர் ஃபோர்முலா வன்னுக்கு வந்தபோது தெரிந்தது. ஒன்பது வரிசையாக வென்றவன் பட்டம் எடுப்பதில் என்ன ஆச்சரியம் என்று விட்டுவிட்டேன். எனக்கு அது ஒருதலைச் சீசனாகவே நின்றுவிட்டது.

11 ஜூன்

எல்லாரும் எழுதியதை வாசித்தேன். நன்றி. இனி காருக்கு வருவோம்.

பிரண்டில் ஒன்பது தடவை தோற்ற பிறகு என்ன செய்தார் என்பதை நான் குறைத்து மதிப்பிட்டுவிட்டேன். நோர்ஃபோக் பக்கம் குடும்பத்துக்குக் கார் விற்கும் தொழில். ஓட்டம் சரிவராவிட்டால் ஊருக்குத் திரும்பிக் கடையில் நிற்கலாம். ஒன்பதாவது தோல்வி மே 30, அடுத்த நாளுக்கு அடுத்த நாள் அவருக்கு 24ஆவது பிறந்தநாள். இரண்டு கிழமை கழித்து வென்றார். முன்னால் போய்விட்டால் இந்த ஆள் பதறுவான் என்று அன்று கண்டுபிடித்தார் என்றுதான் நான் நினைக்கிறேன். காரில் எதை மாற்றினார்கள், டயர் எது என்று தெஹிவளை நண்பர் நீளமாக எழுதியிருக்கிறார். அதெல்லாம் சரிதான். ஆனால் ஸ்நெட்டர்டனிலும் ஓல்டன் பார்க்கிலும் மோதியது டயர் இல்லையே.

அதே ஜூலையில் டோனிங்டனில் ஃபிராங்க் வில்லியம்ஸ் சென்னாவுக்கு ஃபோர்முலா வன் காரை ஓட்டிப் பார்க்கக் கொடுத்தார். அதே இடத்தில் சில நாள் கழித்துப் பிரண்டிலிடம் தோற்றார். எனக்கு இது பிடித்திருக்கிறது, ஏன் என்று கேட்காதீர்கள்.

12 ஜூன்

மக்காவ் பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக: நவம்பரில் மக்காவ் கிராண்ட் பிரீ முதல் தடவையாக ஃபோர்முலா 3 கார்களுடன் நடந்தது, சென்னா வென்றார், ரொபேர்டோ குரேரோ இரண்டாவது, கேர்ஹார்ட் பேர்கர் மூன்றாவது. அதற்கு மேல் வேண்டுமென்றால் தனி இழை தொடங்குங்கள்.

14 ஜூன்

பிரண்டில் பிறகு என்ன ஆனார் என்று தம்பி கேட்கிறார். தம்பி, ஸ்கை ஒளிபரப்பில் ஓட்டம் தொடங்க முன் ஒலிவாங்கியோடு கார்களுக்கு நடுவே புகுந்து பிரபலங்களைத் துரத்துகிறாரே, அவர்தான்.

84இல் சென்னா டோல்மனுக்குப் போனார், பிரண்டில் டைரலுக்கு. முதல் ஓட்டமே பிரேசில், பிரண்டில் ஐந்தாவது. டெட்ரொயிட்டில் இரண்டாவது. பிறகு டைரல் அணி விதி மீறியது என்று அந்த வருட முடிவுகள் முழுவதையும் அழித்துவிட்டார்கள். பாவம் மனிதன், 83இல் நாலு புள்ளி கழிந்தது, 84இல் எல்லாமே கழிந்தது.

15 ஜூன், ஞாயிறு

சந்தைக்குப் போன வழியில் ஒரு சீஆர் கொப்பி வாங்கினேன். மட்டை முந்திய தடிப்பு இல்லை. பேத்தியிடம் அடிமட்டம் வாங்கிக் கட்டம் போட்டேன், கோடு கொஞ்சம் சரிந்துவிட்டது. இருபது வரியும் நீல மை. பதினான்காவது வரி: ஜூலை 24, டோனிங்டன், பிரண்டில்.

படம் கேட்டவர்களுக்கு: நாளை பேத்தி வந்து எடுத்துத் தருவாள். கோடு சரிந்ததைப் பற்றி ஒருவரும் எழுதக் கூடாது.